மேற்குத் தெருவுக்குப் போகாத கார்

ஆரோக்கியமேரி இறந்துவிட்டார் என்று அரியலூரிலிருந்து போன் வந்தபோது நான் கடையில் ஒரு நிலப் பத்திரத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். பதினெட்டுப் பக்கம். பேசியவர் மேரியுடன் கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்த ஜான்சன். "மேரி போயிட்டாங்க செல்வி" என்றார். "எந்த மேரி?" என்று கேட்டேன். "என்னங்க இப்படிக் கேக்கறீங்க, நம்ம மேரிதான்." நான் விடவில்லை. "முழுப் பேரு என்ன, எந்த ஊரு, சொல்லுங்க" என்றேன். மேரியின் ஊரான வரதராஜன்பேட்டைப் பக்கம் வீட்டுக்கு ஒரு மேரி உண்டு. ஜான்சன் கணவர் பெயர், பையன் பெயர், வீடு இருக்கும் தெரு எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். சரி என்று போனை வைத்துவிட்டு மீதிப் பக்கங்களையும் எடுத்து, ஓரம் தட்டிச் சேர்த்து, பின் அடித்துக் கொடுத்தேன். ஜான்சன் என்மேல் வருத்தப்பட்டிருப்பார். அப்படிக் கேட்கிற பழக்கம் எனக்கு மேரியால்தான் வந்தது என்பது அவருக்குத் தெரியாது.

பத்து நாள் காய்ச்சல். முதலில் ஜெயங்கொண்டத்தில் காட்டியிருக்கிறார்கள், பிறகு திருச்சிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். முப்பத்தேழு வயது. எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லும்படி நான் தொடர்பில் இருக்கவும் இல்லை. மறுநாள் காலையில் பெரம்பலூரில் பஸ் ஏறி, அரியலூரில் ஒருமுறை, ஜெயங்கொண்டத்தில் ஒருமுறை மாறிப் போய்ச் சேர்ந்தேன். கோவிலில் மணி அடித்துக்கொண்டிருந்தது. பெட்டியில் வெள்ளைப் புடவை கட்டி, விரல்களில் ஜெபமாலை சுற்றி வைத்திருந்தார்கள். பையன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். எல்லோரும் மண் போட்டார்கள், நானும் போட்டேன். அழுகை வரவில்லை. திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததே என்று எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

அவருடன் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஒரு சிறு நினைவு மலர் போடுகிறார்கள். "நாலு பக்கம் எழுதுங்க, நீங்கதான் அவங்களுக்கு நெருக்கம்" என்றார் ஜான்சன். நெருக்கம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. அவரிடம் படித்தவர்கள், அவர் பழுது பார்த்த கம்ப்யூட்டர்களின் சொந்தக்காரர்கள் என்று இதைப் படிக்கப்போகிற உங்களுக்கு அவரைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்திருக்கும். ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் உங்களுக்குத் தெரியாது. அதை எழுதுவதற்காகச் சிலருடைய பெயர்களையும் தெருக்களையும் மாற்றியிருக்கிறேன். நீங்களும் யார் என்று துருவிக்கொண்டிருக்க வேண்டாம்.

அப்போது நான் பெரம்பலூரில் கமால் பாயின் டிராவல்ஸ் ஆபீசில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். லெப்பைக்குடிக்காட்டிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் சவுதி, துபாய் என்று போகிறவர்களுக்கு பாஸ்போர்ட் விண்ணப்பம் எழுதுவது முதல் டிக்கெட் எடுப்பது வரை எல்லாம் அங்கேதான். கம்ப்யூட்டர் ஒருநாள் கோபித்துக்கொண்டு நின்றுவிட, அரியலூர் சென்டருக்குச் சொல்லி அனுப்பினோம். ஒரு பெண் வந்து நின்றார். கையில் டிபன் கேரியர் வைக்கும் கூடை. கமால் பாய் அவரைத் தாண்டி வாசலைப் பார்த்து, "சென்டர்லேருந்து ஆள் வரலையாம்மா?" என்று கேட்டார். "நான்தாங்க ஆள்" என்றார் மேரி. கூடையிலிருந்து தயிர்சாத டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். அதற்கடியில் திருப்புளியும், பெயிண்ட் அடிக்கிற பிரஷ்ஷும், ஒரு டப்பா பிளாப்பியும் இருந்தன. மூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, எதையோ பிடுங்கித் திரும்பச் செருகினார். ஓடியது. அதற்குப் பிறகு பாய் எங்கே எந்த மெஷின் கெட்டாலும், அது மிக்ஸியாக இருந்தாலும், "அந்த ஆள வரச்சொல்லு" என்பார்.

மேரியின் குணம் தெரிய வேண்டுமானால் அரியலூர் கல்யாணத் தகவல் நிலையத்துக் கதையைக் கேட்க வேண்டும். அங்கே வரன்களின் ஃபைல் கெட்டுப்போய், மேரி பாதிக்கு மேல் மீட்டுக்கொடுத்தார். சில பெண்களுடைய பெயர், படிப்பு எல்லாம் வந்துவிட்டது, நட்சத்திரம் மட்டும் வரவில்லை. நிலையக்காரர், "ரோகிணின்னு போட்டுடுங்கம்மா, நல்ல நட்சத்திரம், யாரும் கொற சொல்ல மாட்டாங்க" என்றாராம். மேரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "எது தெரியலையோ அது தெரியலன்னுதாங்க இருக்கணும். காலியா இருந்தா யாராவது கேப்பாங்க. ரோகிணின்னு இருந்தா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க." கடைசியில் அந்த மனிதர் வீடு வீடாகக் கார்டு எழுதிப் போட்டு நட்சத்திரம் கேட்டு வாங்கினார். மேரியை அதற்குப் பிறகு அவர் கூப்பிடவே இல்லை. இதை என்னிடம் சொல்லிவிட்டு மேரி ரொம்ப நேரம் சிரித்தார். எனக்கு அப்போது அது வெறும் பிடிவாதமாகத்தான் பட்டது.

இனி அந்த நாள். கமால் பாய்க்கு ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆவுக்குப் பாங்கு காதில் விழுந்த மாத்திரத்தில் எழுந்து மெயின் சுவிட்சைக் கீழே தள்ளிவிட்டு, ஷட்டரை இறக்கிவிட்டு, பள்ளிவாசலுக்கு நடந்துவிடுவார். முன்பு ஒருமுறை ஆளில்லாத கடையில் ஒயர் எரிந்து பாதி மேசை கருகியதிலிருந்து அந்த பயம். அவரைப் பொறுத்தவரை கம்ப்யூட்டரும் ஃபேனும் ஒன்றுதான், சுவிட்சைத் தள்ளினால் நிற்க வேண்டும். "ஃபைல மூடிட்டு நிறுத்தணும் பாய்" என்று நான் நாலைந்து முறை சொல்லியிருக்கிறேன். "மூடிக்கம்மா" என்பார், சொல்லிக்கொண்டே தள்ளிவிடுவார். அந்த வெள்ளிக்கிழமை நான் ஒரு ஆளுடைய விவரத்தைப் பாதி அடித்துக்கொண்டிருந்தபோது திரை கறுத்துப் போனது. சாப்பிட்டுவிட்டு வந்து போட்டால், இது டேட்டாபேஸ் ஃபைலே அல்ல என்று ஒரு வரி வந்து நின்றது. எத்தனை முறை திறந்தாலும் அதே வரி. நானும் விடாமல் திறந்துகொண்டே இருந்தேன்.

அந்த ஃபைலில்தான் எங்கள் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். பெயர், தகப்பனார் பெயர், தெரு, பாஸ்போர்ட் நம்பர், எந்த ஊருக்குப் போனார்கள், எல்லாம். விண்ணப்பக் காகிதங்களைப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கம்ப்யூட்டர் வந்துவிட்டது, இனி காகிதம் எதற்கு என்று பாய் மூட்டை கட்டிப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டார். அதில் ஒன்றில் எனக்கே ஒருநாள் வடை மடித்து வந்தது. பிளாப்பியில் நான் எடுத்து வைத்த நகலும் பூஞ்சை பிடித்துப் படிக்க முடியாமல் கிடந்தது. சாயங்காலம் மேரிக்குப் போன் செய்தேன். "நாளைக்குக் காலைல வரேன். அதுவரைக்கும் அதத் தொடாத. அடிபட்டுக் கெடக்கறவனப் போட்டு உலுக்குவாங்களா?" என்றார்.

சனிக்கிழமை காலை ஆபீஸ் திறந்ததும் சவுதியில் தம்மாமிலிருந்து போன் வந்தது. பேசியவர் குரல் தெரியாத குரல். தென்காசிப் பக்கத்து ஆள், அந்த கேம்ப்புக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகிறதாம். "ரூம்ல அப்துல் கரீம்னு ஒரு ஆளு, லெப்பைக்குடிக்காடுன்னாங்க, தூக்கத்திலேயே மவுத்தாயிட்டாரு. சட்டைப் பையில உங்க கடை கார்டு இருந்துச்சு. வீட்டுக்குச் சொல்லிருங்க. இங்கயே அடக்கம் பண்ணவான்னு கேக்கறாங்க. இக்காமால பாஸ்போர்ட் நம்பர் இருக்கு, எழுதிக்கிடுங்க" என்று நம்பரைச் சொன்னார். இக்காமா என்பது அங்கே வேலை பார்ப்பவர்கள் வைத்திருக்கும் அட்டை. நான் நம்பரை எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, வயது என்ன என்று கேட்பதற்குள் அவருடைய போன் கார்டு தீர்ந்து லைன் போய்விட்டது.

லெப்பைக்குடிக்காட்டிலிருந்து நாங்கள் தம்மாமுக்கு அனுப்பிய அப்துல் கரீம்கள் இரண்டு பேர். ஒருவர் கிழக்குத் தெரு, பத்து வருடமாகப் போய் வந்துகொண்டிருந்தவர், இரண்டு பெண்கள் வயசுக்கு வந்து நின்றார்கள். இன்னொருவன் மேற்குத் தெரு, முந்தின வருடம்தான் போனவன். அவன் மனைவியை எனக்குத் தெரியும். ஆறு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கணவனுக்குப் படம் அனுப்ப வேண்டும் என்று ஆபீசுக்கு வந்த பெண். கமால் பாய் தம்மாமில் தெரிந்த இரண்டு நம்பர்களுக்குப் போட்டுப் பார்த்தார், யாரும் எடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "சாயங்காலத்துக்குள்ள அங்கேருந்து வேற யாராவது ஊருக்குப் போன் போட்டுடுவாங்க. கரீம் மவுத்துன்னு மட்டும் சொல்லுவாங்க. ரெண்டு வூட்லயும் எழவு விழுந்துடும்மா. அதுக்கு முன்னாடி நாம போயாவணும்." போய் விசாரிக்கவும் வழியில்லை. உன் புருஷன் பாஸ்போர்ட் நம்பர் என்ன என்று ஒருத்தியிடம் போய்க் கேட்டாலே அவளுக்குத் தெரிந்துவிடும்.

மேரி வந்தபோது மணி பத்து. விஷயத்தைச் சொன்னோம். சிலுவை போட்டுக்கொண்டார், உட்கார்ந்தார். முதல் வேலையாகக் கெட்ட ஃபைலைப் புது பிளாப்பியில் இரண்டு நகல் எடுத்து ஒன்றைக் கூடைக்குள் வைத்தார். மற்றதில்தான் கை வைத்தார். "முன்னட்டை கிழிஞ்சுபோச்சு செல்வி, உள்ள பக்கம் இருக்கு" என்றார். ஃபைலின் தொடக்கத்தில் மொத்தம் எத்தனை பேர், ஒவ்வொருவருக்கும் எத்தனை எழுத்து இடம் என்கிற கணக்கு இருக்குமாம், கரண்டு போனதில் அது அழிந்துவிட்டதாம். என்னை ஒவ்வொரு கட்டத்தின் நீளத்தையும் சொல்லச் சொல்லி, காகிதத்தில் கூட்டி, அந்தக் கணக்கைத் திரும்ப எழுதினார். பகல் பன்னிரண்டரைக்கு ஃபைல் திறந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஆட்கள் வரிசையாக வந்து நின்றார்கள். அதற்குப் பிறகு நடுவில் சில எழுத்துகள் உதிர்ந்து, ஒருவர் பெயர் அடுத்தவர் தெருவில் போய் ஏறி, எல்லாம் குழம்பிக் கிடந்தது.

கிழக்குத் தெரு கரீம் வந்தவர்களில் இருந்தார். அவருடைய பாஸ்போர்ட் நம்பர் எங்களிடம் இருந்த நம்பர் அல்ல. கமால் பாய் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, "அப்ப மேற்குத் தெரு புள்ளதான்" என்றார். அவர் அழுது நான் அன்றுதான் பார்த்தேன். அந்தப் பையனின் நிக்காஹ்வுக்குப் போய்ச் சாப்பிட்டவர், அவனை விமானம் ஏற்றிவிட்டவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு லெப்பைக்குடிக்காட்டிலிருந்த மனைவி ஜமீலாம்மாவுக்குப் போன் செய்து, "தயாரா இரு, மேற்குத் தெருவுக்கு ஒரு சேதி சொல்லப் போவணும்" என்றார். வாடகைக் கார் வந்து வாசலில் நின்றது. நானும் அழுதேன். குழந்தையின் படத்தைக் கவரில் போட்டு ஒட்டியவள் நான்தான். எனக்குச் சந்தேகமே இல்லை. இருவரில் ஒருவர் இல்லை என்றால் மற்றவர்தானே.

மேரி மட்டும் திரும்பாமல் திரையைப் பார்த்தபடி, "செல்வி, பாஸ்போர்ட்டப் புதுப்பிச்சுட்டு வர்றவங்கள எப்படி ஏத்துவ? பழைய வரியத் திருத்துவியா, புது வரி போடுவியா?" என்று கேட்டார். நான் புது வரிதான் போடுவேன். பழைய வரியைத் தேடிப் பிடித்துத் திருத்துவதற்குச் சோம்பல். கடைசியில் போய்ப் புதிதாக ஒருவரைச் சேர்ப்பது சுலபம், ஆட்கள் எண்ணிக்கையும் அதிகமாகத் தெரியும், பாய்க்கும் சந்தோஷம். யாருக்கும் தெரியாமல் இரண்டு வருடமாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். "புது வரி" என்றேன். அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அப்ப இன்னும் தெரியாது" என்றார்.

பாய் வாசலில் நின்றிருந்தார். "என்னம்மா, இன்னும் என்ன இருக்கு? நேரம் போவுதே" என்றார். மேரி எழுந்துபோய் அவர் முன்னால் நின்றார். "பாய், கிழக்குத் தெருக்காரரு பத்து வருசமாப் போயிட்டு வர்றாரு. நடுவுல பாஸ்போர்ட் புதுப்பிச்சிருந்தா நம்பர் மாறியிருக்கும். அது இந்தக் கொழம்பிக் கெடக்கற எடத்துலதான் இருக்கும். அரை மணி நேரம் கொடுங்க." பாய்க்குக் கோபம் வந்தது. "ஊருக்குள்ள சேதி வந்துடும்மா, நீ பாட்டுக்கு அரை மணிங்கற." மேரி குரலை உயர்த்தவில்லை. "இந்த ஃபைலுக்கு நான் நகல் எடுத்து வச்சிருக்கேன், எத்தன தடவ வேணாலும் தப்புப் பண்ணலாம். அங்க போய் ஒரு தடவ சொல்லிட்டீங்கன்னா அதத் திரும்ப எடுக்க முடியாதுங்க." பாய் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். டிரைவர் என்ஜினை நிறுத்தினார்.

குழம்பிக் கிடந்த பகுதியை எந்தப் புரோகிராமும் இல்லாமல் வெறும் எழுத்துகளாகத் திறந்தார். திரை முழுக்கச் சித்திரம் சித்திரமாகக் குப்பை, அதற்கு நடுவில் ஆங்காங்கே பெயர்கள். நான் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொரு திரையாக நகர்த்த, இருவரும் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தோம். அவசரத்தில் நான் தாவினால் விரலால் என் கையைத் தட்டி மேலே கொண்டுபோவார். நம்பர் வந்தது. அதற்கு முன்னால் அப்துல் கரீம். பெயருக்குப் பின்னால் தகப்பனார் பெயர், கிழக்குத் தெரு. "இருந்துச்சா?" என்று பாய் எழுந்து வந்தார். "இருங்க, இன்னொருத்தரையும் பாத்துடுவோம்" என்றார் மேரி. இன்னும் இரண்டு திரை தள்ளி மேற்குத் தெரு கரீம் இருந்தான், வேறு நம்பருடன். கடைசி வரை நகர்த்தி மூன்றாவதாக ஒரு கரீம் இல்லை என்றும் பார்த்துக்கொண்ட பிறகுதான், "கெளம்புங்க பாய்" என்றார். ஐந்து நிமிடம் குறைய அரை மணி நேரம் ஆகியிருந்தது.

பெண்துணை வேண்டும் என்று பாய் என்னையும் ஏறச் சொன்னார். ஊருக்குள் நுழைந்து ஜமீலாம்மாவை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, கடைமுக்கில் அந்த மேற்குத் தெருப் பெண் நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை. காரைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கை காட்டினாள். நிறுத்தாமல் போக முடியவில்லை. "மாமா, எங்க இவ்ளோ தூரம்? அவங்ககிட்டேருந்து லெட்டர் எதும் வந்துருக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். பாய் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் குழந்தையின் தலையைத் தொட்டார். "இல்ல தாயி, ஒரு சோலியா வந்தேன். நீ வூட்டுக்குப் போ, வெயிலு" என்றார். கார் கிழக்குத் தெருவுக்குத் திரும்பியது. அங்கே நடந்ததை எழுத எனக்கு உரிமை இல்லை. அந்த வீட்டில் மூன்று பெண்கள் இருந்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

திரும்பி வந்தபோது மணி ஐந்து. மேரி அதே நாற்காலியில் அதே குப்பையை ஒவ்வொரு வரியாகப் பிரித்து அடித்துக்கொண்டிருந்தார். தயிர்சாதம் திறக்காமல் இருந்தது. எனக்கு ஏனென்று தெரியாத ஆத்திரம் வந்தது. "அங்க ஒரு குடும்பமே கதறுது, நீங்க இங்க உக்காந்து டைப் அடிச்சுக்கிட்டு இருக்கீங்க. கல்நெஞ்சா உங்களுக்கு" என்றேன். புது வரி போட்டவள் நான், திட்டு வாங்கியவர் அவர். மேரி திரும்பிப் பார்த்தார். "இதுல இன்னும் இத்தன பேர் இருக்காங்களே செல்வி. நாளைக்கு இன்னொரு போன் வந்தா?" என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அவர் மீட்டுக் கொடுத்த பட்டியலில் சில கட்டங்கள் காலியாக இருந்தன. எனக்கு ஞாபகம் இருந்த ஒன்றிரண்டை நிரப்பப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ்ஸுக்கு நின்றபோது மன்னிப்புக் கேட்டேன். "அந்த மேற்குத் தெருப் பொண்ணுகிட்ட எப்பவும் சொல்லிடாத. நடக்காததச் சொல்லி ஒருத்தர எதுக்குப் பயமுறுத்தணும்" என்றார். பஸ் வந்தது, கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார். புது வரி விஷயத்தை அவர் பாயிடம் சொல்லவில்லை. நான் சொன்னேன், ஒரு மாதம் கழித்து. அதன்பிறகு வெள்ளிக்கிழமை பாங்கு கேட்டால் மெயின் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு, "மூடிட்டியாம்மா?" என்று கேட்டு, நான் மூடிவிட்டேன் என்று சொல்லும் வரை நிற்பார்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று, ஆபீசை விட்டேன், இந்த ஜெராக்ஸ் கடையைப் போட்டேன். மேரிக்கும் கல்யாணம், குழந்தை. இரண்டு வருடத்துக்கு முன் பெரம்பலூருக்கு ஏதோ வேலையாக வந்தவர் கடைக்கும் வந்தார். ஸ்கூல் திறக்கிற நேரம், கூட்டம் நெரிந்தது. ஸ்டூலில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "இன்னொரு நாளைக்கு சாவகாசமா வரேன்" என்று எழுந்து போனார். ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்கலாம். இதை நினைத்தால் எனக்கு அழுகை வர வேண்டும். மரத்துப்போன பல்லை நாக்கால் தொடுவதுபோல இருக்கிறது, அவ்வளவுதான்.

கமால் பாய் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார், ஜமீலாம்மாவும். மேரியின் அடக்கம் முடிந்து நான் கடை திறந்த நாளில் அந்த மேற்குத் தெருப் பெண் வந்தாள். மகளின் படிப்புக்காகக் குடும்பத்தோடு பெரம்பலூருக்கே வந்துவிட்டார்கள், எங்கள் கடைக்கு அடிக்கடி வருவாள். மகளைப் புதுப் பள்ளியில் சேர்க்க விண்ணப்பம் எழுத வேண்டுமாம். நான் எழுதினேன். தகப்பனார் பெயர், அப்துல் கரீம். வேலை, பிளாஸ்டிக் சாமான் கடை. கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். "என்னக்கா, மொகம் ஒரு மாதிரியா இருக்கு?" என்றாள். "தெரிஞ்சவங்க ஒருத்தங்க இறந்துட்டாங்க." "யாருக்கா?" "அரியலூர்ல கம்ப்யூட்டர் வேலை பாத்தவங்க. உங்களுக்குத் தெரியாது." அவள் இன்னாலில்லாஹி சொன்னாள். "புள்ளைங்க இருக்கா?" "ஒரு பையன்." "பாவம், தாயில்லாம அது என்ன பண்ணும்" என்று, முன்பின் தெரியாத அந்தப் பையனுக்காகக் கண் கலங்கினாள்.

வெளியே கரீம் வண்டியில் காத்துக்கொண்டிருந்தார். தலையில் லேசாக நரை. மகள் முன்னால் ஏறிக்கொண்டாள், இவள் விண்ணப்பத்தை மடிக்காமல் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்தாள். மேரியின் நினைவாக என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. நான் வைத்திருப்பது இவர்களைத்தான். மூன்று பேரும் ஒரே வண்டியில் போகிறார்கள் என்பது ஒரு பெரிய விஷயம் என்று தெரிந்த ஆள் இந்த ஊரில் நான் ஒருத்திதான் மிச்சம்.